திரையில் தெரியாத வரிகள்

இணையப் பக்கம் செய்கிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. தலை குனிந்து வேலை பார்ப்பவர்கள், பொறுமைசாலிகள், ஒருத்தருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் என்று. சுத்தப் பொய். ஒரு மூடாத அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருக்கிறவளுக்கு உள்ளே எவ்வளவு விஷம் ஊறும் என்று எனக்குத் தெரியும். ஊறியவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. பினாங்கில், குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், இன்டர்நெட்டுக்கு ஒரு மோடம், ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் ஓடினால் போன் வராது. போன் வந்தால் மோடம் அறுந்துவிடும். கீழே எதிர்ப்புறத்தில் கேசட் கடை. காலை பத்து மணிக்கு ஸ்பீக்கரைத் திறந்தான் என்றால் நான் போடும் ஒவ்வொரு வரியும் அவன் போடும் பாட்டுக்குத் தாளம். முதலாளி முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர். இன்டர்நெட் வரப்போகிறது என்று யாரோ சொல்லி, அதையும் விற்க வந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கையில் ஒரு டிப்ளமா, வாயில் தேவைக்கு அதிகமான கொழுப்பு.

பக்கம் செய்துகொடுக்கும் மென்பொருள்கள் அப்போதே வந்துவிட்டன. படத்தை இழுத்து வை, எழுத்தைத் தட்டு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும். நாம் ஒரு வரி கேட்டால் முப்பது வரி கக்கும். அதில் எது எங்கே என்று அதற்கே தெரியாது. நான் நோட்பேடைத் தவிர எதையும் தொடமாட்டேன். வெறும் வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. நாம் எழுதியதுதான் இருக்கும். இரண்டு பிரௌசர்கள் அப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று நம் தப்பை மன்னித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். மற்றது ஒரு கட்டத்தை மூட மறந்தால் முழுப் பக்கத்தையும் வெள்ளையாக விட்டுவிடும். எனக்கு இரண்டாவதைத்தான் பிடிக்கும்.

வாடிக்கையாளர்களை எனக்குப் பிடிக்காது. ஒருத்தருக்கு எழுத்து மின்ன வேண்டும், இன்னொருத்தருக்கு எழுத்து ஓட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி எல்லாருக்கும் வேண்டும், அதுவும் முதல் நாளே ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். தமிழ் எழுத்து கேட்பார்கள். அந்த எழுத்துரு எதிராளியின் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கொசு செத்து ஒட்டினது மாதிரிதான் தெரியும் என்றால் நம்பமாட்டார்கள். எல்லாருக்கும் "சரிங்கண்ணே, செஞ்சிடலாம்" என்று சிரித்துவிட்டு மாடிக்கு வந்து திட்டித் தீர்ப்பேன். எங்கே திட்டினேன் என்பதுதான் விஷயம்.

பக்கத்தின் நிரலுக்குள் குறிப்பு எழுத ஒரு வழி உண்டு. ஓர் அடையாளத்தில் ஆரம்பித்து இன்னோர் அடையாளத்தில் முடித்தால், நடுவில் என்ன எழுதினாலும் திரையில் வராது. பின்னால் வேலை பார்க்க வருகிறவருக்கு "தலைப்பு இங்கே ஆரம்பம்", "இதில் கை வைக்காதே" என்று சொல்லிவைக்க ஏற்பட்டது. நான் அதில் வசை எழுதினேன். ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு ஹோட்டல்காரருக்கு, "ஓடுற எழுத்து மூணு வேணுமாம், இவரு கிச்சன்ல கரப்பான் ஓடுறது பத்தலையா" என்று எழுதினது ஞாபகம் இருக்கிறது. பிரௌசரில் "வியூ சோர்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் எவரும் நிரலை முழுசாகப் பார்க்கலாம், குறிப்பு உட்பட. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அழுத்தத் தெரிந்தவர்கள் பினாங்குத் தமிழர்களில் எத்தனை பேர்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனை நான்தான்.

தீபாவளி முடிந்த வாரத்தில், நான் அக்கா என்று கூப்பிட்ட பெண் வேலைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். எதிர்க்கரையில், பத்து காவான் என்கிற ஊரின் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்து பஸ் பிடித்து, பெர்ரிக் கப்பல் ஏறி, படகுத்துறையிலிருந்து நடந்து வருவாள். கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் பதினைந்து வருஷம் மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியவள். கண் போய்விட்டது. அந்த வருஷம் ஃபேக்டரிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. கண் போனவர்களை முதலில் குறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தாள். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் செஞ்சு பாருங்கம்மா. நல்லா வந்தா கன்ஃபர்ம் பண்றேன். தப்பு நெறைய வந்தா மன்னிச்சுக்கங்க" என்றார்.

முதல் நாளே அவள் தன் திரையில் எழுத்தை இவ்வளவு பெரிதாக்கிக்கொண்டாள். நான்கு வரிக்கு மேல் திரையில் கொள்ளாது.

"இங்க எழுத்தப் பெருசாக்கிக்கலாம்ல, தங்கச்சி. மைக்ரோஸ்கோப்புல அது முடியாது லா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது போச்சுன்னா எனக்கு அடுத்தது ஒன்னும் இல்ல. அதனால நீ எதுன்னாலும் ஏசு, பரவால்ல. ஆனா சொல்லிக் குடுத்துடு" என்றாள்.

ஏசுகிற ஆளுக்கு அனுமதி வேறு கிடைத்துவிட்டது.

எங்கள் குடும்பம் சிலோன்காரக் குடும்பம். ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் வீட்டில் "எஸ்டேட் ஆட்கள்" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், வியாதியின் பெயரைச் சொல்கிற மாதிரி. நான் படித்தவள், அப்படியெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் அந்தப் பெரிய எழுத்துத் திரை வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது.

சொல்லிக் கொடுத்தேன். ஒரே மூச்சில். "நல்ல பேஜ் ஒன்னத் தெறங்க. வியூ சோர்ஸ் அமுக்குங்க. எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க. அதக் காப்பி பண்ணி, ஒங்களுக்கு வேணுங்கறத மட்டும் மாத்துங்க. புரியாததத் தொடாதீங்க. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். வேற பாடமெல்லாம் கெடையாது."

"எல்லா பேஜும் பாக்கலாமா? நீ செஞ்சதும்?"

"எல்லாம் பாக்கலாம்."

முதல் வாரம் ஒரு கட்டத்தை மூட மறந்தாள். அந்த மன்னிக்காத பிரௌசரில் பக்கம் வெள்ளையாக நின்றது. நான் திருத்தினேன். திருத்தின இடத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்: "மைக்ரோஸ்கோப் அம்மா கட்டத்த மூட மறந்துட்டாங்க. எஸ்டேட் லயத்து வீட்டுல கதவ மூடிப் பழக்கமில்ல போல." எழுதிவிட்டு எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் படத்தின் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்துவிட்டாள். எங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றிய பிறகு தெரியவில்லை. குறிப்பு: "பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் தெரியாத கண்ணு. இந்தக் கண்ண நம்பி ஃபேக்டரிக்காரன் சிப்பு வித்திருக்கான்." மூன்றாவது வாரம், படத்துக்குத் தன் கம்ப்யூட்டரின் விலாசத்தையே கொடுத்துவிட்டாள். அவள் திரையில் மட்டும் படம் அழகாகத் தெரிந்தது. குறிப்பு: "இந்தப் படத்தப் பாக்கணும்னா எல்லாரும் குயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்து இவங்க மேசைக்குப் பின்னாடி நிக்கணும்." இப்படி இருபது, முப்பது. ஒவ்வொரு தப்புக்கும் அதே இடத்தில் ஒரு வசை.

அவள் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எல்லாம் பார்க்கலாம் என்று சொன்னதே நான்தானே. பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. பார்த்து முகம் சுருங்குகிறதா என்று ஓரக்கண்ணால் கவனிப்பேன். சுருங்கவில்லை. மத்தியானம் கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தை எப்போதும்போல இரண்டாகப் பங்கிட்டு, "சம்பல் ஒறைப்பு, தண்ணி வச்சுக்கோ தங்கச்சி" என்றாள். சரி, புரியவில்லை என்று முடிவு கட்டினேன். புரியவில்லை என்பதற்கும் சேர்த்து ஒரு குறிப்பு எழுதினேன்.

இரண்டாவது மாதம் தப்புகள் குறைந்தன. முதலாளி ஒருநாள் டீயைக் குடித்துக்கொண்டே, "ஒன்னு கவனிச்சியா? இந்தம்மா ஒரு தப்ப ரெண்டாவது தடவ செய்யறதில்ல. நீகூட செய்யற" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தண்ணீர்ப் பந்தல் வேலை வந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பந்தல், ஒரு ஸ்பீக்கர், ஒரு தலைவர். எங்களிடம் வந்த குழுவின் தலைவர் நகைக்கடைக்காரர். மகள் ஆஸ்திரேலியாவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவள் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று வெப்சைட் கேட்டார். முதல் பக்கத்தில் முருகன் படம், பக்கத்தில் தலைவர் படம். நான் இரண்டையும் சம அளவில் வைத்தேன். அவர் மேசைக்குப் பின்னால் நின்று, "என்னோடத இன்னும் கொஞ்சம் பெருசாக்கு லா" என்றார். ஆக்கினேன். "இன்னும்." ஆக்கினேன். கடைசியில் முருகன் அவர் தோள் உயரத்துக்கு வந்து நின்றான். அவர் படியிறங்கியதும் குறிப்பை எழுதினேன்: "முருகனவிடத் தலைவர் மூஞ்சி பெருசா இருக்கணுமாம். அடுத்த வருஷம் இந்த மூஞ்சிக்கே காவடி எடுக்கச் சொல்லுவாரு."

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் முதல் வரியில், அதைச் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். முதலாளி எங்கேயோ படித்துவிட்டுப் போட்ட விதி. மொத்தம் இருபத்தைந்து பக்கம். முதல் ஐந்தை நான் செய்தேன், என் பெயர் போட்டேன். தைப்பூசப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து மிச்சம் இருபது பக்கமும் போடுவது அக்காவின் வேலை. என் பக்கத்தைக் காப்பி எடுத்து, முதல் வரியில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, படத்தையும் வாசகத்தையும் மாற்றினால் ஆயிற்று.

தொடங்கின அன்றே என்னிடம் கேட்டாள். "தங்கச்சி, மேல ஒரு வரி இருக்கு, தலைவரப் பத்தி. இது வேணுமா?"

நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "புரியாததத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இருக்கறத அப்படியே விடுங்க!"

"புரியாம கேக்கல, தங்கச்சி..."

"அக்கா, எனக்கு வேல இருக்கு."

அப்படியே விட்டாள். இருபது பக்கத்திலும் என் வசை, ஒரு எழுத்துப் பிசகாமல், அவள் பெயருக்குக் கீழே.

தைப்பூசம் முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் நான் மட்டும் ஆபீஸில். முதலாளி ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருந்தார். அக்காவின் பெர்ரி இன்னும் வரவில்லை. போன் அடித்தது. தலைவர். ஹலோகூடச் சொல்லவில்லை.

"என் மூஞ்சிக்குக் காவடி எடுக்கணுமா? எவன் எழுதுனான் அத? போட்டோ பேஜுக்குள்ள இருந்தத என் மக பிரிண்ட் எடுத்து ஃபேக்ஸ் பண்ணியிருக்கா! கடை ஆளுங்க எல்லாரும் படிச்சிட்டானுங்க! கடையத் தெறந்து வச்சிட்டு நேரா அங்கதான் வர்றேன், ஒங்க பாஸ இருக்கச் சொல்லு!"

போனை வைத்த கையோடு மோடத்தைப் போட்டேன், வேறு யாரும் உள்ளே கூப்பிட முடியாதபடி. அது கீச்சென்று கத்தி, கரகரத்து, இணைந்தது. என் ஐந்து பக்கங்களையும் திறந்து அந்த வரியை அழித்தேன். ஹோட்டல்காரருடைய கரப்பானை அழித்தேன். மற்ற வசைகளையும் அழித்து எல்லாவற்றையும் ஏற்றினேன்.

பிறகு அக்காவின் இருபது பக்கங்கள். நேரம் இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. பக்கத்துக்கு ஒரு வரி. தேடு, அழி, ஏற்று. கால் மணி நேர வேலை. கையை எடுத்துவிட்டேன். ஃபேக்ஸ் ஏற்கெனவே அந்த ஆள் கையில் இருக்கிறது. எழுதியவள் என்று ஒருத்தி இருந்தாக வேண்டும். அவள் பெயர்தான் மேலேயே இருக்கிறதே.

முதலாளியும் தலைவரும் படியில் ஒன்றாகத்தான் ஏறி வந்தார்கள். பின்னாலேயே, குடையை மடக்கிக்கொண்டு அக்கா. தலைவர் ஃபேக்ஸ் சுருளை மேசையில் விரித்து இரண்டு பக்கமும் கையால் அமுக்கினார். முதல் வரியில் அக்காவின் பெயர், இரண்டாவது வரியில் வசை.

"இது நீங்க செஞ்ச பேஜாம்மா?" முதலாளி கேட்டார்.

"ஆமா சார். ஆனா இந்த வரி நான் எழுதல. தங்கச்சி பேஜுலேருந்து காப்பி எடுத்தேன். அதுலயே இருந்திச்சு. வேணுமான்னு கேட்டேன், விடச் சொல்லிச்சு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பக்கத்தைத் திறந்து, வியூ சோர்ஸ் அழுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினேன். "இதான் சார் என் பேஜ். நீங்களே பாருங்க. எங்க இருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கீழிருந்து மேல்வரை ஒருமுறை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவள் முகம் சுருங்கினது.

"சார், அழிச்சிருக்கா. இப்பத்தான் அழிச்சிருக்கா. என்கிட்ட பழசு இருக்கு." கைப்பையைத் திறந்து ஒரு ஃப்ளாப்பி டிஸ்கெட்டை எடுத்தாள். "தெனமும் வேல முடிஞ்சி காப்பி எடுத்துக்கிட்டுப் போவேன். பெர்ரி எறங்கி, பட்டர்வொர்த் சைபர் கஃபேல ஒக்காந்து ப்ராக்டிஸ் பண்ண. தங்கச்சி செஞ்ச பேஜும் இதுல இருக்கு. தேதியோட இருக்கு. போட்டுப் பாருங்க சார்."

டிஸ்கெட்டை முதலாளி வாங்கினார். வாங்கி என்ன செய்ய? அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார். என்னிடம் கொடுத்தார். "போட்டுப் பாரு."

தலைவர் "என்ன மரியாத இது" என்று மறுபடியும் ஆரம்பிக்க, முதலாளி அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒக்காருங்கண்ணே, காப்பி சொல்லவா" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் டிஸ்கெட்டை உள்ளே தள்ளினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். திறப்பதற்கும் அழிப்பதற்கும் இரண்டு சொடுக்குத்தான் வித்தியாசம். ஃபார்மேட், குவிக், ஓகே.

டிஸ்கெட் படிக்கும்போது வரும் சத்தம் வேறு. ஃபார்மேட் ஆகும்போது வரும் சத்தம் வேறு. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

"சார்! அழிக்கிறா சார்! பாருங்க, அழிக்கிறா!"

முதலாளி வந்து பார்த்தபோது திரையில் வெள்ளைச் சன்னல். உள்ளே ஒன்றும் இல்லை.

"காலி டிஸ்க் சார்" என்றேன். "இவங்க வேற டிஸ்க்க எடுத்துட்டு வந்திருப்பாங்க."

"டிப்ளமா படிச்ச புள்ள எதுக்கும்மா பொய் சொல்லப் போவுது?" என்றார் முதலாளி. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை; அலுப்பாகச் சொன்னார். தலைவர் எழுந்து ஃபேக்ஸைச் சுருட்டிக்கொண்டார். "எஸ்டேட்டுப் புத்தி. கோயில் வேலன்னுகூடப் பாக்கல. இந்தம்மா இருக்கற எடத்துல எங்க வேல நடக்காது, சொல்லிட்டேன்." படியிறங்கிப் போனார்.

அக்கா அழவில்லை. கத்தினாள். "நான் கேட்டேன்ல? வேணுமான்னு கேட்டேன்லடி? சொல்லு, கேட்டேனா இல்லையா?" நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். தலைவர் விஷயத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம், வெளியே போனால் நம் பெயர் கெடும். சோதனைக் காலத்தில் வேலையில் தப்புகள் அதிகம், அதனால் உறுதிப்படுத்த இயலவில்லை என்று எழுது. "நாசூக்கா எழுது" என்றார்.

எழுதினேன். மூன்றே வரி. பிரிண்டர் கடகடவென்று துப்பியது. அக்கா எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், குடை மடியில். கடிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"தப்பு அதிகம்னு போட்டிருக்கு" என்றாள். இப்போது குரல் இறங்கிவிட்டது. "இந்த இருபது பேஜுல ஒரு தப்பக் காட்டு. ஒன்னு. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"அக்கா, அது பாஸ் சொல்லி..."

"ஒன்னு காட்டு லா."

எனக்கு வீம்பு வந்தது. இதற்கென்ன, இரண்டு நிமிஷ வேலை என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். சோர்ஸைப் பார்த்தேன். கட்டங்கள் எல்லாம் மூடியிருந்தன. படங்களின் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம், வராவிட்டால் காட்டச் சின்ன விளக்கம். நானே சோம்பல்பட்டு விட்டுவிடுவது அது. இரண்டாவது பக்கம். மூன்றாவது. கேசட் கடைக்காரன் கேசட்டைத் திருப்பிப் போட்டான். ஏழாவது பக்கத்தில் ஒரு இடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். அடுத்த வரியைப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு. பதினைந்து. மன்னிக்காத பிரௌசரில் திறந்தேன். பளிச்சென்று திறந்தது. எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளும் ஒவ்வொரு வரியாகக் கூடவே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபதாவது பக்கம் முடிந்தது. என் வசையைத் தவிர அந்தப் பக்கங்களில் வேறு ஒரு தப்பும் இல்லை.

"இருக்காது" என்றாள். "கட்டம் மூடாததுக்கு எழுதி வச்சிருந்த. எழுத்து கலந்ததுக்கு எழுதி வச்சிருந்த. படத்தோட அட்ரஸுக்கு எழுதி வச்சிருந்த. தெனமும் மொத வேல அதத்தான் தேடிப் படிப்பேன். பெர்ரில ஒக்காந்து நோட்டுல எழுதிக்குவேன், எந்தத் தப்புக்கு என்ன ஏச்சுன்னு. வேற யாரு எனக்கு எங்க தப்புன்னு சொன்னா?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அறைக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய், சார், நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல நினைத்தேனா? இல்லை. இவள் எப்போது எழுந்து போவாள் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

கையெழுத்துப் போட்டாள். ஃபேக்டரி வேலைக்காரர்கள் போடுவார்களே, கட்டத்துக்குள் அடங்கின மாதிரிச் சின்னக் கையெழுத்து. டிஸ்கெட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

முதலாளி வெளியே வந்து, "கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா?" என்றார்.

"சந்தேகம் கேட்டாங்க சார்" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபது பக்கத்திலும் அந்த வரியை எடுத்தேன். முதல் வரியிலிருந்த பெயரையும் எடுத்தேன். தலைவருக்குக் கோபம் ஆறி, அடுத்த வருஷத்து வேலையையும் எங்களுக்கே கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அக்காவின் மேசைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். எங்கள் சாதி சனம்தான், கல்லூரி முடித்தவள். எப்படிக் கத்துக்கறது அக்கா என்று என்னைக் கேட்டாள். அந்த இருபது பக்கங்களைத் திறந்து காட்டி, இதைப் பார்த்துக் காப்பி பண்ணு, இதைவிடச் சுத்தமாக இந்த ஊரில் ஒருத்தரும் எழுதவில்லை என்றேன்.

அவள் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். "அழகா இருக்குக்கா. யாரு செஞ்சது?"

நான்தான் என்றேன்.